முதற்பதிப்பின் அங்க அடையாளங்கள்

ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்குள் புத்தகக் காட்சி நடக்கும்போது வெளியே நடைபாதையில் பழைய புத்தகக்காரர்கள் கடை விரித்திருப்பார்கள். உள்ளே போவதற்கு முன்பே என் பை பாதி நிறைந்துவிடும். இந்த முறையும் அப்படித்தான். தார்ப்பாயில் குவிந்து கிடந்த கைடுகளுக்கும் வாரப் பத்திரிகைகளுக்கும் நடுவில், முன்னட்டை இல்லாத தடிமனான நாவல் ஒன்று கண்ணில் பட்டது. தலைப்புப் பக்கமும் கிழிந்து போயிருந்தது. நாலு வரி படித்ததும் தெரிந்துவிட்டது. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’.

“ஃபர்ஸ்ட் எடிஷன் சார். அட்டைதான் இல்ல. ஐந்நூறு குடுங்க” என்றார் கடைக்காரர்.

பதில் சொல்லாமல் நடுவில் ஒரு தாளைப் பிரித்து, அதன் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினேன். எழுத்துகள் லேசாகப் புடைத்துக்கொண்டு நெருடின. ஈய எழுத்தை வைத்து அழுத்தி அச்சடித்த புத்தகம். அந்த நெருடல் விரலில் பட்ட மாத்திரத்தில் எனக்குச் சித்தப்பா ஞாபகம் வந்துவிட்டது.

சித்தப்பா திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தார். காலையிலிருந்து மாலை வரை எழுத்துக் கேஸுக்கு முன்னால் நின்றபடியே வேலை. விரல் நுனிகளில் ஏறிய கறுப்பு எந்தச் சோப்புக்கும் போகாது. சாப்பாட்டுக்குப் பிறகு தவறாமல் ஒரு வாழைப்பழம். ஈயத்தின் சூட்டுக்கு அது நல்லது என்பார். ஞாயிற்றுக்கிழமையானால் என்னை அழைத்துக்கொண்டு மூர் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவார். சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டிய அந்தச் சிவப்புக் கட்டடத்தில் கிராமபோன் தட்டு, கிளி, முயல், பித்தளைச் சாமான் என்று என்னவெல்லாமோ விற்கும். சித்தப்பா எதையும் திரும்பிப் பார்க்க மாட்டார். நேரே புத்தகக் கடைகளுக்குத்தான்.

அங்கே அவர் புத்தகம் பார்க்கும் விதமே தனி. மற்றவர்கள் அட்டையைப் பார்ப்பார்கள், ஆசிரியர் பெயரைப் பார்ப்பார்கள். அவர் புத்தகத்தைக் கவிழ்த்துக் கடைசித் தாளிலிருந்து தொடங்குவார். அச்சகத்தின் பெயர் என்ன, எந்த ஊர், விலை எப்படிப் போட்டிருக்கிறது, விளம்பரத்தில் என்னென்ன புத்தகங்கள் இருக்கின்றன என்று பார்த்த பிறகுதான் முன்பக்கம் வருவார். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தை வெளிச்சத்துக்குக் காட்டிப் படிப்பார். அதற்கும் பிறகுதான் கதை.

“அச்சாபீஸ் பேரைப் போடாம எவனும் புத்தகம் போட முடியாதுடா. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்” என்பார். 1867இல் வந்த அச்சகங்கள், புத்தகங்கள் பதிவுச் சட்டத்தைத்தான் அவர் சொன்னார். அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் ஒவ்வொரு புத்தகத்திலும் இருந்தாக வேண்டும் என்றது அந்தச் சட்டம். ராஜத்துரோக எழுத்தை யார் அச்சிட்டார் என்று தேடிப் பிடிக்கவும் உதவிய அந்த ஒரு வரிதான், இன்று ஒரு நாவலின் பிறப்பைத் தேடுகிற நமக்கும் துணை. பதிப்பாளர் ஒருவராகவே இருந்தாலும் முதற்பதிப்பை ஓர் அச்சகத்திலும் இரண்டாம் பதிப்பை வேறோர் அச்சகத்திலும் அடித்திருப்பார். ஆண்டு அழிந்துபோன பிரதியில்கூட அச்சகத்தின் பெயர் வழிகாட்டிவிடும்.

விலைக்கு வருவோம். ‘ரூ. 2-8-0’ என்று மூன்று எண்ணாகப் போட்டிருந்தால் அது ரூபாய், அணா, பைசா கணக்கு. 1957 ஏப்ரல் முதல் தேதி தசம நாணயம் வந்துவிட்டது. ஆகவே அந்தப் புத்தகம் அதற்கு முன்னால் அச்சானதாகவே பெரும்பாலும் இருக்கும். ‘ந.பை.’ என்று இருந்தால் நயா பைசா. அந்த ‘நயா’ 1964 வரைக்கும்தான் உயிரோடு இருந்தது. இரண்டெழுத்துச் சுருக்கம் ஏழு வருஷக் கதவைத் திறந்து காட்டிவிடுகிறது. சில பிரதிகளில் அணா விலையை அடித்துவிட்டு ரப்பர் ஸ்டாம்பில் புது விலை குத்தியிருப்பார்கள். அப்படி ஒன்று கையில் கிடைத்தால் சித்தப்பாவின் முகம் மலர்ந்துவிடும். நாணயம் மாறியபோது விற்காமல் கடையில் தங்கியிருந்த பழைய பிரதி அது என்பது அவருக்கு உடனே புரிந்துவிடும்.

முகவரியும் அப்படித்தான். ‘சென்னை-5’ என்று ஓர் எண் மட்டும் இருந்தால் பழைய தபால் மண்டலம். ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்டில் அறிமுகமானது. ‘சென்னை-600 005’ என்று அச்சிட்டிருக்கும் தாள் அதற்கு முன்னால் அச்சாகியிருக்க வழியே இல்லை.

எழுத்தின் வடிவத்தைப் பற்றிச் சித்தப்பா சொன்னதுதான் எல்லாவற்றிலும் நுணுக்கம். துதிக்கை வைத்த பழைய ‘லை’, ‘னை’, சுழித்துக்கொண்டு போகும் பழைய ‘றா’, ‘ணா’ எல்லாம் 1978இல் பெரியார் நூற்றாண்டின்போது வந்த அரசாணைக்குப் பிறகு படிப்படியாக மறைந்தன. ஆணை வந்த மறுநாளே எல்லா அச்சகமும் மாறிவிடவில்லை. பழைய எழுத்தை உருக்கிப் புது எழுத்து வாங்கப் பணம் வேண்டும். சின்ன அச்சகங்கள் கையில் இருந்ததை வைத்துக்கொண்டே இன்னும் சில காலம் ஓட்டின. இன்னொரு பக்கம், பெரியார் தம் பத்திரிகைகளில் சீர்திருத்த எழுத்தை 1935லேயே கொண்டுவந்துவிட்டார். ஆகவே புது ‘லை’யைப் பார்த்ததும் 1978க்குப் பிந்தியது என்று தீர்ப்பெழுதிவிடக் கூடாது. “எந்த அச்சாபீஸ்னு பாரு, அப்புறம் எழுத்தைப் பாரு” என்பது அவர் வைத்த வரிசை.

ஒருமுறை அவர் ஒரே நாவலின் இரண்டு பிரதிகளைக் கடை ஓரத்தில் குந்தி உட்கார்ந்து ஒப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றில் ‘முதற் பதிப்பு’ என்றிருந்தது. மற்றதில் ‘இரண்டாம் பதிப்பு’ என்றிருந்தது. பதிப்பகத்தின் பெயர் இங்கே வேண்டாம். இரண்டிலும் ஒரே பக்கத்தைத் திறந்து முழங்காலில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியும் எந்த எழுத்தில் முடிகிறது என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். அத்தனை வரிகளும் ஒரே இடத்தில் முடிந்தன. பத்தாவது வரியில் ஒரு ‘க’வின் கால் உடைந்திருந்தது. இரண்டு பிரதியிலும் அதே உடைசல்.

“இது மறுபதிப்பு இல்லடா. மறு அட்டை” என்றார்.

அதன் காரணத்தை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் விளக்கினார். ஒரு முழு நாவலையும் கோத்து அப்படியே கட்டி வைக்கிற அளவுக்கு எழுத்து எந்தச் சின்ன அச்சகத்திலும் இருக்காது. சில பாரங்களை, அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களைக் கோத்து, புரூஃப் பார்த்து, அச்சடித்து முடித்ததும் எழுத்துகளை அதனதன் அறையில் திருப்பிப் போட்டுவிடுவார்கள். அந்த எழுத்துகளை வைத்துத்தான் அடுத்த பாரம் கோக்க வேண்டும். அதனால் இரண்டாம் பதிப்பு என்று உண்மையாகவே ஒன்று வந்தால் முதல் வரியிலிருந்து புதிதாகக் கோத்தாக வேண்டும். வரிகள் வேறு இடத்தில் முடியும், பழைய பிழை போய்ப் புதுப் பிழை வரும். உடைந்த ‘க’ அதே வரியில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்றால், விற்காமல் கிடந்த பழைய பாரங்களுக்குப் புது அட்டை போட்டு வெளியே விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பிழை என்றதும் இன்னொன்று. பழைய முதற்பதிப்புகளில் ‘பிழை திருத்தம்’ என்று ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருக்கும். நாம் அதை அசிங்கம் என்று கிழித்துப் போடுவோம். முதற்பதிப்புக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேறு வேண்டியதில்லை. ஆங்கில நாவல் சேகரிப்பவர்களும் பிழையைத்தான் தேடுகிறார்கள். 1925இல் வெளியான ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’யின் முதல் அச்சில் 205ஆம் பக்கத்தில் ஒரு சொல் தவறாக விழுந்துவிட்டது. அந்தத் தவறு உள்ள பிரதிதான் முதல் அச்சு. அடுத்த அச்சில் திருத்திவிட்டார்கள். ஆங்கிலப் பதிப்பகங்கள் பல இப்போது பதிப்புரிமைப் பக்கத்தில் பத்திலிருந்து ஒன்று வரை எண்களை வரிசையாகப் போடுகின்றன. ஒவ்வொரு அச்சுக்கும் ஓர் எண்ணை எடுத்துவிடுவார்கள். ‘1’ மிச்சமிருந்தால் முதல் அச்சு. வேலை சுலபம். நம் நாவல்களுக்கு அந்த வசதி இல்லை.

மூர் மார்க்கெட்டில் ஆங்கில நாவல்களும் வரும். ஆர்.கே. நாராயணின் முதல் நாவலான ‘சுவாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ்’ 1935இல் லண்டனில் ஹாமிஷ் ஹாமில்டன் வெளியீடாக வந்தது. புரசைவாக்கத்துத் தெருக்களில் வளர்ந்தவரின் புத்தகத்தைச் சென்னையில் தேடினால் கிடைத்ததெல்லாம் அவரே மைசூரில் தொடங்கிய இந்தியன் தாட் பதிப்பகத்தின் மறுபதிப்புகள்தான். அந்த லண்டன் பதிப்பைப் பார்க்க வேண்டும் என்று சித்தப்பாவுக்கு ஆசை. அவர் பார்க்கவில்லை. 1985இல் மூர் மார்க்கெட் எரிந்துபோனது. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. கடைக்காரர்கள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். சித்தப்பா ஒரே ஒரு தடவை அங்கே வந்தார். அதற்குப் பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே கிளம்பவில்லை.

நாவலின் பிறப்பைத் தேடும்போது நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது எனக்கு அத்தை வீட்டில் விளங்கியது. அத்தை ‘கல்கி’ வரும் நாளன்று வாசலிலேயே நிற்பாளாம். 1950இல் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கி 1954இல் முடிகிற வரை ஒரு வாரம் தவறாமல் தொடர் வந்த பக்கங்களைப் பின்னைக் கழற்றிப் பிரித்து, டிரங்குப் பெட்டியில் அந்துருண்டை போட்டு அடுக்கி வைத்திருக்கிறாள். பிறகு பைண்டர் வீட்டுக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்து தைத்தார். பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்தார். காலிகோ முதுகு போட்டு அத்தை பெயரைத் தங்க எழுத்தில் பதித்தார். மணியம் வரைந்த படங்கள் அப்படி அப்படியே இருந்தன. ஓரத்தைச் சீராக வெட்டியதில் சில பக்கங்களின் எண்கள் போய்விட்டன என்பது ஒன்றுதான் குறை. இப்போது எந்த வீட்டுக்கும் பைண்டர் வருவதில்லை. தொடரைக் கிழித்து வைக்கிற கைகளும் இல்லை.

அந்தப் பைண்டு வால்யூமை என்னவென்று சொல்வது? புத்தகமாக வந்த முதற்பதிப்புக்கும் முந்தியது அது. தமிழில் முக்கியமான நாவல்கள் பல இப்படிப் பத்திரிகையில் பிறந்தவை. ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’யில் வந்து 1896இல்தான் புத்தகமாயிற்று. ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’ என்ற தலைப்பில் வந்தது. 1970இல் புத்தகமானபோதுதான் இன்றைய பெயர். அதற்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அட்டையில் விருதுச் செய்தி இருந்தால் அது முதற்பதிப்பு அல்ல என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். தொடரும் முதற்பதிப்பும் இரண்டுமே காப்பாற்ற வேண்டியவை என்பது என் கட்சி. ஆசிரியர் இரண்டுக்கும் நடுவில் கை வைத்திருப்பார். எதை வெட்டினார், எதைச் சேர்த்தார் என்பது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

இன்றைக்கு ஆளைக் குழப்புவது ‘முதல் பதிப்பு’ என்ற அச்சு வரியேதான். கல்கியின் எழுத்துகள் 1990களின் கடைசியில் நாட்டுடைமையாயின. அதற்குப் பிறகு ‘பொன்னியின் செல்வ’னை யார் வேண்டுமானாலும் போடலாம் என்றாகி, ஆளுக்கொரு பதிப்பு வந்தது. தாங்கள் முதல்முறையாகப் போட்ட பிரதியில் ‘முதல் பதிப்பு’ என்று அவரவர் அச்சிட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு அது முதல்தான், பொய் இல்லை. ஆனால் செல்போனில் படம் போட்டு விற்கிறவர்கள் அந்த வரியை மட்டும் காட்டுகிறார்கள். என் தம்பி மகள் அப்படி ஒன்றை வாங்கப் போனாள். பணம் அனுப்புவதற்கு முன்னால் மூன்று படங்கள் கேட்கச் சொன்னேன். தலைப்புப் பக்கத்தின் பின்புறம், கடைசித் தாள், நடுவில் ஏதாவது ஒரு பக்கம். வந்த படங்களில் ஐ.எஸ்.பி.என். எண் பளிச்சென்று இருந்தது. கல்கி காலமான 1954இல் அப்படி ஓர் எண்ணே உலகத்தில் கிடையாது. “பெரியப்பா, இவ்ளோ ஈஸியா?” என்று கேட்டாள். அந்த ஒன்று ஈஸிதான் என்றேன்.

நூலக முத்திரை குத்திய பிரதிகளைச் சேகரிப்பவர்கள் ஒதுக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜே.கே. ரௌலிங்கின் முதல் ஹாரி பாட்டர் நாவல் 1997இல் கெட்டி அட்டையில் ஐந்நூறு பிரதிதான் அச்சானது. அதில் முந்நூறு நூலகங்களுக்குப் போனது. இன்று உலகமே தேடுகிற புத்தகத்தில் நூலக முத்திரை இருந்தால் அதுவும் அதன் சரித்திரம்தான். நம் கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் வாங்கியிராவிட்டால் பல தமிழ் நாவல்களின் முதற்பதிப்பு ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. முத்திரையோடு சேர்க்கைத் தேதியும் இருந்தால் இன்னும் நல்லது. அந்தத் தேதிக்கு முன்பே புத்தகம் அச்சாகிவிட்டது என்று அடித்துச் சொல்லலாம்.

கல்யாணத்துக்கு நாவல் பரிசளித்த காலம் ஒன்று இருந்தது. முதல் தாளில் நீல மையில் மணமக்கள் பெயர், மாதம், தேதி, ‘நீடூழி வாழ்க’ என்ற வாழ்த்து, நாலைந்து நண்பர்களின் கையெழுத்து. அந்தத் தேதியும் சாட்சிதான். என்னிடம் இருக்கும் ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் அப்படி ஒரு வாழ்த்து இருக்கிறது. சுந்தர ராமசாமியின் அந்த நாவல் 1966இல் வெளியானது. கல்யாணம் மறுவருஷம் தை மாதம். சென்னையில் அச்சான நாவல் சில மாதங்களுக்குள் நாகர்கோவில் பக்கத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்து விற்கச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

இத்தனை பாடு எதற்கு, கதை எந்தப் பதிப்பில் படித்தாலும் கதைதானே என்று கேட்பவர்கள் உண்டு. கதை ஒன்றாக இருப்பதில்லை. ஒவ்வொரு முறை கோக்கும்போதும் ஒரு சொல் விழும், ஒரு வரி விடுபடும், வட்டாரப் பேச்சைப் பிழை என்று நினைத்து யாரோ திருத்திவிடுவார்கள். ஆ.இரா. வேங்கடாசலபதி 2000இல் புதுமைப்பித்தன் கதைகளின் முழுத் தொகுப்பைப் பதிப்பித்தபோது பழைய பத்திரிகைகளையும் முதற்பதிப்புகளையும் தேடியெடுத்து ஒப்பிட்டுத்தான் பாடத்தை நிறுவினார். அந்தப் பழைய தாள்கள் எங்கோ பத்திரமாக இருந்ததால் அது முடிந்தது. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்தவற்றைச் சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் வாங்கி, சென்னையிலேயே ஆய்வு நூலகமாக்கியதும் அப்படி ஒரு நல்ல காரியம். இன்று தரமணியில் இருக்கும் அந்த நூலகத்துக்குப் போகும்போதெல்லாம், சித்தப்பா இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்ளும்.

நடைபாதையில் நின்ற ‘மோகமுள்’ளைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஈய அச்சு, சரி. துதிக்கை ‘லை’, அதுவும் சரி. ஆஃப்செட்டில் பழைய பக்கத்தைப் படமெடுத்து அடித்திருந்தால் தாளின் பின்புறம் வழுவழுவென்று இருக்கும். இது நெருடியது. கடைசித் தாளில் பதிப்பாளரின் புத்தகப் பட்டியல் பிழைத்திருந்தது. கீழே முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு. ‘மோகமுள்’ புத்தகமாக வந்தது 1960களில். ஆக இது முதற்பதிப்பு அல்ல, எழுபதுகளின் பிரதி. கடைக்காரருக்கு அந்த எண்ணைக் காட்டி விவரத்தைச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டு, குவியலிலிருந்து இன்னும் இரண்டு புத்தகங்களை எடுத்துக் கடைசித் தாளைத் தானே திருப்பிப் பார்த்தார். ‘மோகமுள்’ளை நூற்றைம்பதுக்குக் கொடுத்தார். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பரணில் தாத்தா, பாட்டி வைத்துவிட்டுப் போன நாவல்கள் இருந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தையும் கடைசித் தாளையும் ஒருமுறை பாருங்கள். பைண்டு செய்யக் கொடுத்தால் பழைய அட்டையையும் விளம்பரத் தாள்களையும் பிழை திருத்தத் துண்டையும் சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள், ஓரத்தை வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டில் வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் ரோஜா முத்தையா நூலகத்தைப் போன்ற ஓர் இடத்தில் கேளுங்கள். அவர்களிடம் இல்லாத பதிப்பு உங்களிடம் இருக்கலாம்.